நடிகர் வெய்ன் ரோஜர்ஸ் நிதி விமர்சகரான கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'மாஷ்' என்னும் பழைய அமெரிக்கத் தொடரை நண்பர்களுக்கு அறிமுகப்படுத்தும்போதெல்லாம், மூன்றாவது சீசன் முடிந்து நான்காவது தொடங்கியதும் தவறாமல் ஒரு கேள்வி வரும்: "அந்த இன்னொரு டாக்டர் எங்கே போனார்?" பங்குச்சந்தைப் பக்கம் போய்விட்டார் என்று நான் பதில் சொன்னால், அதை வேடிக்கைப் பேச்சு என்று எண்ணிச் சிரிப்பார்கள்; வேடிக்கையில்லை என்று புரிந்ததும் அடுத்தடுத்துப் பல கேள்விகள் கிளம்பும். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை, கேட்டவர்களின் சொற்களை அதிகம் மாற்றாமல், எளியவை முன்னும் சிக்கலானவை பின்னுமாக இங்கே தொகுத்திருக்கிறேன்.

வெய்ன் ரோஜர்ஸ் யார் என்று முதலில் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1933 ஏப்ரல் 7 அன்று அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரில் பிறந்த அமெரிக்க நடிகர். 1972 முதல் 1975 வரை சிபிஎஸ் தொலைக்காட்சியில் 'மாஷ்' தொடரில் டிராப்பர் ஜான் மெக்கின்டயர் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவராக நடித்துப் புகழ் பெற்றார். நடிப்பை விடாமலேயே முதலீட்டாளராகவும், பிற நடிகர்களின் பணத்தை நிர்வகிப்பவராகவும், நிறுவன உரிமையாளராகவும் வளர்ந்தார். வாழ்நாளின் பிற்பகுதியில் ஃபாக்ஸ் நியூஸ் அலைவரிசையின் 'கேஷிங் இன்' என்ற வாராந்தர நிதி விவாத நிகழ்ச்சியில் நிரந்தர விருந்தினர்களுள் ஒருவராக இருந்தார்.

பொருளாதாரம், கணக்கியல் என்று ஏதாவது படித்தவரா?

இல்லை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1954இல் பட்டம் பெற்றார். படித்த பாடம் வரலாறு. அதன்பின் அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றினார். அங்கிருந்து வந்தது நடிப்புக்கு. முறையான நிதிக் கல்வி என்று சுட்டிக்காட்டும்படி அவருடைய வாழ்க்கையில் எதுவும் இல்லை. கற்றதெல்லாம் சொந்தப் பணத்தைப் போட்டு, ஒப்பந்தங்களை வரிவரியாகப் படித்துக் கற்றது. இந்த இரண்டாவது பழக்கம் பின்வரும் பதில்களில் பலமுறை தலைகாட்டும்.

'மாஷ்' தொடருக்கு முன் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்?

வழக்கமான போராட்டம்தான். நியூயார்க்கில் பகல்நேரத் தொடர்களில் சிறு வேடங்கள், 1960–61இல் 'ஸ்டேஜ்கோச் வெஸ்ட்' என்ற குதிரைவீரர் தொடரில் முதன்மை வேடங்களுள் ஒன்று, 1967இல் பால் நியூமன் நடித்த 'கூல் ஹேண்ட் லூக்' திரைப்படத்தில் சிறைக்கைதிகளுள் ஒருவர். 'தி ஆஸ்ட்ரோ-ஸாம்பீஸ்' என்ற மலிவுச் செலவுத் திகில் படம் ஒன்றின் எழுத்திலும் தயாரிப்பிலும் அக்காலத்திலேயே அவருடைய பெயர் இருக்கிறது. படம் சிரிப்புக்கு இடமானதுதான் என்றாலும், கூலி வாங்கும் இடத்தைவிட்டு முதல் போடும் இடத்தில் உட்கார்ந்து பார்க்கும் ஆசை அப்போதே இருந்தது என்பதற்கு அதைச் சான்றாகக் கொள்ளலாம்.

'மாஷ்' என்ன மாதிரியான தொடர்? அதில் இவருடைய இடம் என்ன?

கொரியப் போர்க்களத்தை ஒட்டிய அமெரிக்க ராணுவ நடமாடும் மருத்துவமனை ஒன்றில் நடக்கும் கதை. நகைச்சுவைத் தொடர் என்று பெயரிருந்தாலும் அறுவைச் சிகிச்சைக் கூடாரத்தின் இரத்தமும் களைப்பும் அதில் உண்டு. 1972 செப்டம்பர் 17 அன்று தொடங்கி 1983 பிப்ரவரி 28 அன்று முடிந்தது. மொத்தம் 251 பகுதிகள். போர் நடந்தது மூன்று ஆண்டுகள், தொடர் ஓடியது பதினொரு ஆண்டுகள் என்பது அமெரிக்கர்கள் ரசித்துச் சொல்லும் கணக்கு. இறுதிப் பகுதியை ஏறத்தாழ 10 கோடிப் பேர் பார்த்தனர்.

ஒரே கூடாரத்தில் தங்கும் இரண்டு மருத்துவ நண்பர்களைச் சுற்றித்தான் தொடக்கத்தில் கதை சுழன்றது: ஆலன் ஆல்டா நடித்த ஹாக்கை பியர்ஸ், ரோஜர்ஸ் நடித்த டிராப்பர் ஜான். 1970இல் வெளிவந்த மூலத் திரைப்படத்தில் டொனால்டு சதர்லாண்டும் எலியட் கூல்டும் இந்த வேடங்களை ஏற்றிருந்தார்கள்; அதில் இருவரும் சரிசமம். தொலைக்காட்சியிலும் அப்படியே இருக்கும் என்று நம்பித்தான் ரோஜர்ஸ் வந்தார்.

பின் ஏன் மூன்றே ஆண்டுகளில் விலகினார்? சம்பளத் தகராறா?

சம்பளத்தைவிட இடத்தகராறு என்பதே பொருத்தம். ஆல்டாவின் ஹாக்கை நாளடைவில் தொடரின் மையமாகிவிட்டார். மூலக் கதையில் நெஞ்சறுவைச் சிகிச்சையில் தேர்ந்த மருத்துவர் டிராப்பர்; தொடரிலோ அந்தத் தகுதியும் ஹாக்கையிடம் போய்ச் சேர்ந்தது. தம் பாத்திரத்துக்கு மிஞ்சியது நண்பன் சொல்லும் நகைச்சுவைக்குப் பின்பாட்டுப் பாடுவது மட்டும்தான் என்று ரோஜர்ஸ் கருதினார். முதல் சீசனிலிருந்தே அவருக்கு இந்த மனக்குறை உண்டு. 1975இல் மூன்றாவது சீசனுக்குப் பின் விலகிக்கொண்டார்.

அதே காலத்தில் ஹென்றி பிளேக் வேடத்தில் நடித்த மெக்லீன் ஸ்டீவன்சனும் விலகினார். அவருடைய பாத்திரம் சென்ற விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு அவர் இறந்ததாக அறிவிக்கும் காட்சி இன்றும் பேசப்படுகிறது. ரோஜர்ஸின் டிராப்பருக்கு அத்தகைய வழியனுப்புதல் கிடைக்கவில்லை. நான்காவது சீசன் தொடங்கும்போது, ஹாக்கை விடுப்பிலிருந்து திரும்புவதற்குள் டிராப்பர் ஊருக்குப் புறப்பட்டுவிட்டார் என்று பிறர் வாய்மொழியாகவே நமக்குத் தெரிகிறது. அவருக்குப் பதிலாக மைக் ஃபாரெல் நடித்த பி.ஜே. ஹனிகட் வந்தார். இதில் ஆல்டாவுடன் பகை எதுவும் இல்லை. ரோஜர்ஸ் இறந்தபோது, தொடருக்கு முழு உழைப்பையும் தருவதென்று இருவரும் தமக்குள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டதையும், அதுவே தங்களைப் பிணைத்ததையும் ஆல்டா அன்போடு நினைவுகூர்ந்தார்.

ஒப்பந்தம் இருக்கும்போது நடிகர் அப்படி எழுந்து போய்விட முடியுமா?

அதற்குத்தான் வழக்குத் தொடர்ந்தார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியில் வழக்கம் என்னவென்றால், மாதிரிப் பகுதியில் நடிக்கும்போதே பல ஆண்டுகளுக்கான உரிமையைத் தயாரிப்பு நிறுவனம் எழுதி வாங்கிக்கொள்ளும். தொடர் வெற்றி பெற்றால் நடிகர் கட்டுண்டிருப்பார், தோற்றால் நிறுவனம் கட்டுப்படாது. தனிநபர் உழைப்பு ஒப்பந்தம் எதையும் ஏழு ஆண்டுகளுக்குமேல் வலியுறுத்த முடியாது என்று கலிபோர்னியச் சட்டம் சொல்வதால் நடைமுறையில் அதுவே மேல்வரம்பு. ரோஜர்ஸ் விலகியதும் ஒப்பந்த மீறல் என்று அவர்மேல் வழக்கு வந்தது.

வழக்கு நிற்கவில்லை, ஏனெனில் அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தமே இல்லை. அவரிடம் நீட்டப்பட்ட ஆவணத்தில் பழைய காலத்து 'ஒழுக்க விதி' ஒன்று இருந்தது. நடிகரின் நடத்தை ஒழுக்கக்கேடானது என்று நிறுவனம் கருதினால் அவரை நீக்கிவிட அது இடம் தந்தது. எது ஒழுக்கம் என்று ஒரு தரப்பே முடிவு செய்யும் தாளில் கையெழுத்திட முடியாது என்று மறுத்துவிட்டார். கையெழுத்தில்லாமலேயே 72 பகுதிகள் படமாகிவிட்டன. பலர் இதை அதிர்ஷ்டம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாய்ப்புக்காகத் தவித்துக்கொண்டிருக்கும் ஒரு நடிகர் ஒப்பந்தத்தின் அந்தப் பக்கம்வரை படித்தார், படித்தபின் பேனாவைக் கீழே வைத்தார் என்பதில்தான் பின்னாளைய முதலீட்டாளர் தெரிகிறார்.

'டிராப்பர் ஜான், எம்.டி.' என்று ஒரு தொடர் வந்ததே, அதிலும் இவர்தானா?

இல்லை. 1979 முதல் 1986 வரை ஓடிய அத்தொடரில் முதிர்ந்த டிராப்பராக நடித்தவர் பெர்னெல் ராபர்ட்ஸ். அது வந்தபோது ரோஜர்ஸ் அதே சிபிஎஸ் அலைவரிசையில் 'ஹவுஸ் கால்ஸ்' என்ற வேறொரு தொடரில் வேறொரு மருத்துவராக நடித்துக்கொண்டிருந்தார். டிராப்பராகப் புகழ்பெற்றவரும் டிராப்பர் என்ற பாத்திரமும் ஒரே அலைவரிசையில் தனித்தனியே மருத்துவம் பார்த்தார்கள்.

விலகியது அவருடைய வாழ்க்கையின் பெரிய தவறு என்கிறார்களே?

நடிப்பு வருமானத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் தவறுதான். இவ்வளவு காலம் ஓடும் என்று தெரிந்திருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன் என்ற பொருளில் அவரே பின்னாளில் பேசியிருக்கிறார். 1976இல் அவர் நடித்த துப்பறியும் தொடரான 'சிட்டி ஆஃப் ஏஞ்சல்ஸ்' 13 பகுதிகளோடு நின்றுபோனது. 1979இல் தொடங்கிய 'ஹவுஸ் கால்ஸ்' நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அவருக்கு கோல்டன் குளோப் பரிந்துரையும் கிடைத்தது. ஆனால் உடன் நடித்த லின் ரெட்கிரேவ், கைக்குழந்தையைப் படப்பிடிப்புத் தளத்துக்கு அழைத்துவந்து பாலூட்டுவது குறித்துத் தயாரிப்புத் தரப்போடு ஏற்பட்ட தகராறில் வெளியேற நேர்ந்தது. 1982இல் தொடரும் முடிந்தது. 1985இல் 'ஐ டிரீம் ஆஃப் ஜீனி' தொடரின் மறுகூடல் படத்தில் லாரி ஹேக்மன் நடித்திருந்த வேடத்தில் ரோஜர்ஸ் நடித்தார். தம் இடத்தில் இன்னொருவர் அமரப் பார்த்தவர், பத்தாண்டுக்குப் பின் இன்னொருவர் இடத்தில் தாம் அமர்ந்தார்.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் எழுத வேண்டும். ஆண்டுதோறும் பெருந்தொகை வரும் தொடரில் பதினொரு ஆண்டுகள் இருந்திருந்தால், வேறு தொழிலைத் தேடும் தேவை அவருக்கு இருந்திருக்குமா? அந்த வருமானம் நின்றதனால்தான் வணிகத்தில் முழு மூச்சாக இறங்கினார் என்பது என் ஊகம். ஊகமாகவே இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் நடிப்பு கைவிட்ட பிறகுதான் முதலீட்டுக்கு வந்தாரா?

இங்குதான் பெரும்பாலோர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 'நடிகராக இருந்து நிதி விமர்சகராக மாறியவர்' என்ற சொற்றொடர் ஒரு கதவை மூடி இன்னொரு கதவைத் திறந்ததுபோன்ற எண்ணத்தைத் தருகிறது. உண்மையில், 'மாஷ்' படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே பங்குகளிலும் நிலச்சொத்திலும் அவர் பணம் போடத் தொடங்கிவிட்டார். நிதித் துறையில் பெயர் பெற்ற பின்னரும் நடித்தார்: 1990களில் 'மர்டர், ஷி ரோட்' தொடரில் சில பகுதிகளில் வரும் துப்பறிவாளர் சார்லி காரெட் அவர்தான். இரண்டு தொழில்களும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பக்கம்பக்கமாக நடந்தன.

நடிகர்களின் வருமான அமைப்பைத் தெரிந்துகொண்டால் இது இயல்பாகவே தோன்றும். சம்பளம் ஒரு சீசனுக்கு வரும், அடுத்த சீசனுக்கு வராமலும் போகும். அதில் 10 விழுக்காடு முகவருக்கு. பணத்தைப் பார்த்துக்கொள்ளும் மேலாளருக்கு வழக்கமாக 5 விழுக்காடு, அதுவும் வரி கட்டுவதற்கு முந்தைய மொத்த வருமானத்தின்மேல். மறுஒளிபரப்புத் தொகை என்பது 1974ஆம் ஆண்டின் நடிகர் சங்க உடன்படிக்கைக்கு முன்பு குறிப்பிட்ட சில ஒளிபரப்புகளோடு நின்றுபோகும். தொடர் ஐம்பது ஆண்டுகள் ஓடினாலும் நடிகருக்கு அப்போது எல்லை இருந்தது, தொடரின் உடைமையாளருக்கு எல்லை இருக்கவில்லை. சொத்து யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்வியை ரோஜர்ஸ் விடாமல் கேட்டதற்கு இந்த அனுபவம் போதுமான காரணம்.

பெரிய நடிகர்கள் எல்லாம் தங்கள் பணத்தை இவரிடம் கொடுத்தார்களாமே, உண்மையா?

ஆம். 'கொலம்போ' துப்பறிவாளராகப் புகழ்பெற்ற பீட்டர் ஃபாக், 'தி காட்ஃபாதர்' படத்தில் சன்னியாக நடித்த ஜேம்ஸ் கான் ஆகியோர் அவருடைய வாடிக்கையாளர்களாக இருந்தனர். தம் பெயரிலேயே ஒரு முதலீட்டு நிறுவனத்தையும் நடத்தினார்.

ஏன் கொடுத்தார்கள் என்பதற்கு விடை முந்தைய பதிலிலேயே பாதி இருக்கிறது. நடிகனின் வருமானம் எப்படி வரும், எப்போது நிற்கும் என்பது கணக்கருக்குப் புத்தக அறிவு. ரோஜர்ஸுக்கு அது சொந்த அனுபவம். ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகளைப் படித்து, ஒரு பெரிய நிறுவனத்திடமிருந்து தப்பித்து வந்தவர் என்ற பெயரும் ஊருக்குள் உதவியிருக்கும்.

திருமண ஆடைக் கடை ஒன்றுக்குச் சொந்தக்காரர் என்று படித்தேன். நம்ப முடியவில்லை.

நம்பலாம். கிளைன்ஃபெல்டு என்பது நியூயார்க்கின் புருக்ளின் பகுதியில் 1941இல் தொடங்கிய, மணப்பெண் ஆடைகளுக்குப் பெயர்போன கடை. தலைமுறைகளாகப் புகழோடு இருந்து, கைமாறி, தேய்ந்துபோயிருந்த நிலையில், 1999இல் மேரா உர்ஷல், ரோனால்டு ராத்ஸ்டைன் ஆகிய இருவரோடு சேர்ந்து ரோஜர்ஸ் அதை வாங்கினார். 2005இல் கடை புருக்ளினிலிருந்து மன்ஹாட்டனுக்கு இடம்பெயர்ந்தது. 2007இல் அந்தக் கடையையே களமாகக் கொண்டு 'சே எஸ் டு தி டிரெஸ்' என்ற உண்மைக் காட்சித் தொடர் தொடங்கியபோது, அமெரிக்காவில் அதை அறியாத மணப்பெண் இல்லை என்னும் நிலை வந்தது.

அவருடைய முதலீட்டு முறையை விளங்கிக்கொள்ள எனக்கு மிகவும் உதவிய எடுத்துக்காட்டு இதுவே. ஆடைத் துறையை அறிந்தவர்கள் கடையை நடத்தினார்கள்; அவர் பணமும் வணிகக் கணக்கும் கொண்டுவந்தார். பெயருக்கு மதிப்பிருந்தும் நிர்வாகம் சரிந்துபோன ஒன்றை வாங்கினால், மதிப்பை உருவாக்கும் செலவு மிச்சம். அவருடைய நடிகர் முகம் இதில் எங்குமே பயன்படுத்தப்படவில்லை என்பதையும் கவனியுங்கள். ஆடை எடுக்கவந்த பெண்களில் எத்தனை பேருக்கு டிராப்பர் ஜானைத் தெரிந்திருக்கும்? கொலம்போவின் பணம், மணப்பெண்ணின் ஆடை ஆகியவற்றோடு, 2006இல் மின்னணு உதிரிபாகங்கள் தயாரிக்கும் விஷே இன்டர்டெக்னாலஜி நிறுவனத்தின் இயக்குநர் குழுவிலும் இடம்பெற்றார்.

நாடாளுமன்றத்தில் வங்கிகளைப் பற்றிச் சாட்சி சொன்னார் என்கிறார்களே, நடிகருக்கு அங்கே என்ன வேலை?

1988இலும் 1990இலும் அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையின் நீதித்துறைக் குழுவின் முன் அவர் வல்லுநர் சாட்சியாகத் தோன்றினார். பொருள், கிளாஸ்–ஸ்டீகல் சட்டம். பெரும் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின், அவர் பிறந்த அதே 1933இல் இயற்றப்பட்ட அச்சட்டம், மக்களிடம் வைப்புத்தொகை வாங்கும் வணிக வங்கிகளையும், பங்குகளையும் கடன்பத்திரங்களையும் வெளியிட்டு வாணிபம் செய்யும் முதலீட்டு வங்கிகளையும் பிரித்து வைத்தது. சேமிப்பாளரின் பணத்தைச் சூதாட்டத்துக்கு எடுத்துச் செல்லாமல் தடுப்பது அதன் நோக்கம். அந்தச் சுவரை இடிக்க வேண்டும் என்று பெரிய வங்கிகள் வற்புறுத்திக்கொண்டிருந்த காலம் அது. சுவர் இருக்கட்டும் என்று ரோஜர்ஸ் வாதிட்டார்.

சுவர் இருக்கவில்லை. 1999இல் கிராம்–லீச்–பிளைலி சட்டம் அதன் முதன்மைப் பகுதிகளை நீக்கியது. ஒன்பது ஆண்டுகளில் 2008ஆம் ஆண்டின் நிதி நெருக்கடி வந்தது. அந்தச் சட்ட நீக்கம்தான் நெருக்கடிக்குக் காரணமா என்பதில் பொருளாதார அறிஞர்கள் இன்றும் ஒத்துப்போவதில்லை; முதலில் விழுந்த முதலீட்டு வங்கிகளான பேர் ஸ்டெர்ன்ஸும் லேமன் பிரதர்ஸும் வைப்புத்தொகை வங்கிகளோடு இணையாத நிறுவனங்கள் என்ற மறுப்பு வலுவானது. ஆகவே 'நடிகர் முன்கூட்டியே சொன்னார்' என்று கைதட்டுவதற்கு முன் சற்று நிதானிப்பது நல்லது.

சந்தையைச் சுதந்திரமாக விட வேண்டும் என்று பேசியவர், வங்கிக் கட்டுப்பாட்டை மட்டும் ஏன் ஆதரித்தார்? முரண்பாடில்லையா?

நியாயமான கேள்வி. தொலைக்காட்சியில் அவர் பெரும்பாலும் அரசின் செலவைக் குறைக்க வேண்டும், அரசு வணிகத்தின் வழியில் நிற்கக் கூடாது என்ற பக்கத்திலிருந்தே பேசினார். அப்படிப்பட்டவர் 1933ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வக்காலத்து வாங்கியது ஒவ்வாததாகத் தெரியலாம்.

நான் இதை இப்படிப் புரிந்துகொள்கிறேன். வைப்புத்தொகைக்கு அரசே காப்புறுதி அளிக்கும் நாட்டில், வங்கி எடுக்கும் துணிச்சலின் இலாபம் வங்கிக்கும் நட்டம் பொதுமக்களுக்கும் போகிறது. சொந்தப் பணத்தைப் போட்டுத் தொழில் செய்பவருக்கு அது சுதந்திரச் சந்தையே அல்ல, ஒரு தரப்பை மட்டும் கட்டும் ஒப்பந்தம். மேலே சொன்ன ஒழுக்க விதியை அவர் மறுத்ததும் இதே காரணத்துக்காகத்தான். அவருடைய அரசியலில் முரண் இருக்கலாம். ஒப்பந்தங்களைப் பார்க்கும் பார்வையில் இல்லை.

'கேஷிங் இன்' நிகழ்ச்சியில் அவர் என்ன செய்தார்?

அது சனிக்கிழமை காலைகளில் ஃபாக்ஸ் நியூஸ் ஒளிபரப்பிய நிதி நிகழ்ச்சி வரிசையில் ஒன்று, அரை மணி நேரம். நெறியாளர் ஒருவரைச் சுற்றி நான்கைந்து பேர் அமர்ந்து, அந்த வாரத்தின் வரி, வேலைவாய்ப்பு, சந்தைச் செய்திகளைப் பற்றி உரத்து விவாதிப்பார்கள். பங்குகளைப் பெயர் சொல்லிப் பரிந்துரைக்கும் பகுதியும் உண்டு. மற்றவர்கள் வேகமாகப் பேசும் இடத்தில், தென்மாநில உச்சரிப்போடு, தாம் நடத்திய தொழில் எதிலிருந்தாவது ஓர் எடுத்துக்காட்டை இழுத்துவந்து பேசுவது அவருடைய பாணி. நாற்பது ஆண்டு நடிப்புப் பயிற்சி வீண்போகவில்லை: எங்கே நிறுத்த வேண்டும், எப்போது புருவத்தை உயர்த்த வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. அவர் உதறிவிட்டு வந்த 'மாஷ்' தொடரைத் தயாரித்தது டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ். 1985இல் அந்நிறுவனம் ரூபர்ட் மர்டாக்கின் கைக்குப் போனது. 1996இல் அதே குழுமம் ஃபாக்ஸ் நியூஸைத் தொடங்கியது. முன்வாசல் வழியாகச் சண்டையிட்டு வெளியேறிய வீட்டுக்குப் பக்கவாசல் வழியாக விருந்தினராகத் திரும்பியிருக்கிறார்.

அவர் சொன்ன பங்குகளை வாங்கியிருந்தால் பணக்காரர் ஆகியிருப்போமா?

இந்தக் கேள்விக்கு எண்ணால் விடை சொல்ல மாட்டேன், அப்படிச் சொல்பவரையும் நம்ப மாட்டேன். ஆனால் அவர் சொத்துச் சேர்த்த முறையையும் தொலைக்காட்சியில் பேசிய முறையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். திருமண ஆடைக் கடையில் அவர் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தார், கூட்டாளிகளைத் தெரிவு செய்தார், ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். தொலைக்காட்சியில் பங்கு ஒன்றுக்குக் கிடைத்தது சில நொடிகள். நிர்வாகத்தின்மேல் எந்தப் பிடியும் கிடையாது. முதலாவதில் அவர் பெற்ற வெற்றி இரண்டாவதில் அவர் சொன்னதற்கு உத்தரவாதம் ஆகாது. நல்ல சமையற்காரர் நல்ல காய்கறியைப் பொறுக்கத் தெரிந்தவர்தான். நாளைக்குச் சந்தையில் கத்தரிக்காய் என்ன விலை விற்கும் என்பது அவருக்கும் தெரியாது.

நிதி ஆலோசனை சொல்ல உரிமம் வேண்டாமா? நடிகர் எப்படித் தொலைக்காட்சியில் பங்குகளைப் பரிந்துரைக்கலாம்?

அமெரிக்காவில் 1940ஆம் ஆண்டின் முதலீட்டு ஆலோசகர் சட்டப்படி, கூலி பெற்றுக்கொண்டு முதலீட்டு ஆலோசனை வழங்குபவர் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆனால் பொதுமக்கள் அனைவருக்குமாக வெளியாகும் உண்மையான செய்தித்தாள், இதழ் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. பதிவு பறிக்கப்பட்ட ஒருவர் முதலீட்டு மடல் அச்சிட்டு விற்கலாமா என்ற வழக்கில் 1985இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் விற்கலாம் என்றது. தனி ஒருவரின் நிலைமையை அறிந்து அவருக்கென்று சொல்வதே சட்டம் குறிவைக்கும் ஆலோசனை. ஊருக்கெல்லாம் பொதுவாகச் சொல்வது கருத்து வெளியீடு என்ற வேறுபாட்டை அத்தீர்ப்பு வகுத்தது.

ஆகவே ஸ்டுடியோவில் அமர்ந்து எல்லாருக்குமாகப் பேசும்போது அவர் விமர்சகர். பீட்டர் ஃபாக்கின் பணத்தைக் கையில் வைத்திருக்கும்போது பொறுப்பு வேறு வகையானது. முகம் ஒன்றுதான், குரலும் ஒன்றுதான். சட்டத்தின் கண்ணில் இரண்டு ஆள். பார்வையாளர் பெரும்பாலும் இந்த வேறுபாட்டை உணர்வதில்லை, நிகழ்ச்சி நடத்துபவர்களும் உணர்த்த அவசரப்படுவதில்லை.

முதியவர்களுக்கான வீட்டுக்கடன் விளம்பரத்தில் வந்தாரே, அது சரியா?

2012இல் ரிவர்ஸ் மார்ட்கேஜ் வழங்கும் ஒரு நிறுவனத்தின் விளம்பர முகமாக அவர் ஒப்பந்தமானார். 62 வயதைக் கடந்த வீட்டுச் சொந்தக்காரர், வீட்டை விற்காமல் அதன் மதிப்பின்மீது பணம் பெறும் கடன் அது. மாதத் தவணை கட்ட வேண்டியதில்லை. வட்டி கடனோடு சேர்ந்துகொண்டே போகும். வீட்டுச் சொந்தக்காரர் இறக்கும்போதோ வெளியேறும்போதோ வீட்டிலிருந்து கணக்குத் தீர்க்கப்படும். சொத்து வரியையும் காப்புறுதியையும் கட்டத் தவறினால் வீடு போய்விடும் என்பது பலருக்குத் தெரியாத பகுதி. ஹென்றி விங்க்ளர், ராபர்ட் வாக்னர், ஃபிரெட் தாம்ப்சன் என்று அந்தத் தலைமுறை நடிகர்கள் பலர் இந்த வகைக் கடனுக்கு விளம்பரம் செய்தனர், ஏனெனில் அவர்களைப் பார்த்து வளர்ந்தவர்களே அப்போது 62ஐக் கடந்திருந்தவர்கள்.

சட்டப்படி தவறில்லை, அந்தக் கடனும் சிலருக்கு உண்மையிலேயே பயன்படும். ஆனால் மற்ற நடிகர்கள் வெறும் முகத்தைத்தான் கொடுத்தார்கள். இவரோ வாரந்தோறும் நிதி அறிவாளராகத் தோன்றியவர். விமர்சகரின் நாற்காலியில் சம்பாதித்த நம்பிக்கையை விற்பவரின் மேசையில் செலவழித்தார் என்றே எனக்குப் படுகிறது. அவரை மதிக்கும் எனக்கு உவப்பில்லாத பகுதி இது.

பென் ஸ்டைனும் இதே மாதிரிதானே? இருவரையும் ஒன்றாகச் சொல்லலாமா?

திசை எதிரானது. பென் ஸ்டைன் அதிபர் நிக்சனின் பொருளாதார ஆலோசகர் ஹெர்பர்ட் ஸ்டைனின் மகன். சட்டம் படித்து, நிக்சனுக்கு உரை எழுதி, பொருளாதாரக் கட்டுரையாளராக இருந்து, 1986இல் ஒரு திரைப்படத்தில் உணர்ச்சியற்ற குரலில் வருகைப்பதிவு எடுக்கும் பொருளாதார ஆசிரியராக நடித்ததன்பின் நடிகராக அறியப்பட்டவர். நிதியிலிருந்து நடிப்புக்கு வந்தவர் அவர், நடிப்பிலிருந்து நிதிக்குப் போனவர் இவர்.

ஒப்பிட வேண்டிய இடம் வேறு. கடன்தகுதி அறிக்கை விற்கும் நிறுவனமொன்றுக்கு விளம்பரம் செய்ததற்காக 2009இல் நியூயார்க் டைம்ஸ் ஸ்டைனின் பத்தியை நிறுத்தியது. முந்தைய பதிலில் சொன்ன சிக்கல் நாளிதழில் ஒருவருடைய இடத்தைப் பறித்தது. தொலைக்காட்சியில் அது யாரையும் உறுத்தவில்லை. இரண்டு ஊடகங்களின் அளவுகோல்கள் எப்படி வேறுபட்டிருந்தன என்பதற்கு இந்த இரட்டையைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

கடைசிக் காலம் எப்படி? அவரை இன்று எதற்காக நினைவில் வைத்திருக்கிறார்கள்?

2015 டிசம்பர் 31 அன்று, நிமோனியாவால் ஏற்பட்ட சிக்கல்களால் லாஸ் ஏஞ்சலிஸில் தமது 82ஆம் வயதில் காலமானார். செய்தித்தாள்கள் ஏறக்குறைய அனைத்தும் 'மாஷ் நடிகர் மறைவு' என்றே தலைப்பிட்டன. மூன்று ஆண்டு வேலை தலைப்புக்கும், முப்பது ஆண்டு வேலை நான்காவது பத்திக்கும் போயின.

ஹாலிவுட் நடைபாதையில் 2005இல் பதிக்கப்பட்ட நட்சத்திரம் ஒன்று அவருக்கு உண்டு. அதன் நடுவில் தொலைக்காட்சிப் பெட்டியின் சின்னம் இருக்கிறது. அந்த நடைபாதையில் திரைப்படம், இசைத்தட்டு, வானொலி, மேடை ஆகியவற்றுக்கும் தனித்தனிச் சின்னங்கள் உண்டு; முதலீட்டுக்கு இல்லை.